எட்டடிக்கு நாலு அங்குலம் குறைவு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், கீழ்க்கட்டளையில் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு பெனிட்டா மேடம் வந்தார். நான் வேலை பார்த்த கல்லூரியில், உடற்கல்வித் துறையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர். கல்லூரி மலர் ஒன்று போடுகிறார்களாம். பழைய கால்பந்துப் பயிற்சியாளர்களை வரிசைப்படுத்தி அதில் இரண்டு பக்கம் வருகிறதாம்.

"முப்பத்தஞ்சு வருஷம் கிரவுண்ட்லயே இருந்தவர் நீங்கதான் அங்கிள். டாப் யாரு, லாஸ்ட் யாருன்னு உங்களைவிட யாரு சொல்ல முடியும்?" என்றார்.

கையோடு ஒரு பட்டியலும் கொண்டுவந்திருந்தார். பெயர், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி, கடைசியில் நட்சத்திரம். சினிமாவுக்குப் போடுவதைப் போல. மேஜர் சாருக்கு ஐந்து நட்சத்திரம். எட்வின் சாருக்கு ஒன்றே ஒன்று. அவர் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பும் இருந்தது: 'இறுதி ஆட்ட வெற்றி ரத்து. பயிற்சியாளரின் கவனக்குறைவால் கோப்பை பறிபோனது.'

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த பெண்ணின் மேல் இல்லை, அவர் பழைய ஆண்டறிக்கையில் இருந்ததை எடுத்து எழுதியிருக்கிறார். கோபம் என் மேல்தான். "டீ குடிச்சுட்டுப் போங்க மேடம். நான் எழுதித் தரேன், அதைப் போடுங்க," என்றேன். அதனால்தான் இந்த எழுபத்தொன்பது வயதில் பேரனின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் மதார். கல்லூரியில் எல்லாருக்கும் மதார் பாய். மைதானத்தில் நான் மார்க்கர். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியாமல் இருக்கலாம். கோடு போடுவது, வலை கட்டுவது, கம்பம் நடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, பந்தின் வாயைத் தைப்பது, முள் பொறுக்குவது, ஆடு துரத்துவது, எல்லாம் மார்க்கர்தான். என் அத்தா பல்லாவரத்தில் தச்சுவேலை செய்தவர். என் கைக்கும் உளி பழக்கம். அதனால் ஒடிந்த பெஞ்சு, ஆடும் கம்பம் எதுவானாலும் கல்லூரியில் ஆளைத் தேடமாட்டார்கள், என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இந்தக் கதையின் வினையே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். வேலை பழக ஒரு வருடம் ஆயிற்று. நீற்றிய சுண்ணாம்பை எவ்வளவு தண்ணீரில் கரைத்தால் கோடு காயும்போது பொரியாமல் இருக்கும், கயிற்றை எந்த நேரத்தில் இழுத்துக் கட்டவேண்டும், பனியில் நனைந்த கயிறு எப்படிச் சுருங்கி ஏமாற்றும், இதெல்லாம் அடிபட்டுத்தான் வந்தது. அடி என்றால் நிஜ அடி இல்லை. எங்கள் துறைத் தலைவர் ஞானமுத்து சார் யாரையும் திட்டக்கூட மாட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஞானமுத்து சாரின் வழக்கம் இது. காலை ஆறரை மணிக்கு வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே போய் நின்றுவிடுவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒன்றும் சொல்லமாட்டார். நாம் எங்கே இருந்தாலும் பார்த்துவிட்டு ஓடிவரவேண்டும். அவர் காலடியில் கோடு வளைந்திருக்கும், இல்லாவிட்டால் மூலைக்கொடி சாய்ந்திருக்கும். நாம் சரிசெய்யும்வரை நகரமாட்டார். சரிசெய்ததும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை நடுவட்டத்தில் இருபது நிமிடம் நின்றார். எனக்குத் தப்பே தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் வட்டத்துக்கு நடுவில் புள்ளி வைக்க மறந்திருக்கிறேன். அதற்குப் பிறகு என் ஆயுசில் புள்ளியை மறந்ததில்லை.

இப்போது பயிற்சியாளர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

மேஜர் சார் ஐந்து நட்சத்திரத்துக்குத் தகுதியானவர்தான், அதில் எனக்கு வாக்குவாதம் இல்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். எனக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் காலுக்கு ஷூ கொடுத்தவர் அவர். பழையதுதான், ஆனால் பாலிஷ் போட்டுக் கொடுத்தார். அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அவர் காலத்தில் என்னென்ன இருந்தது என்பதையும் சொல்லவேண்டும் அல்லவா? அணியில் பதினான்கு பேர் என்றால் பன்னிரண்டு பேர் விடுதி மாணவர்கள். காலையில் ஐந்தரைக்கு விசில் அடித்தால் போதும், பத்து நிமிடத்தில் மைதானத்தில் நிற்பார்கள். வாரம் ஆறு நாளும் மைதானம் கால்பந்துக்குத்தான். கிணற்றில் தண்ணீர் இருந்தது, புல் இருந்தது. விழுந்தால் எழுந்துகொள்ளலாம்.

எட்வின் சார் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் மூன்றேமுக்காலுக்கு விட்டதும் கேம்ப் ரோடு வழியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு நாலு மணிக்கெல்லாம் எங்கள் கல்லூரி வாசலுக்கு வந்துவிடுவார். என்னைவிட ஒரு வயது சின்னவர். ஒல்லியான ஆள், கண்ணாடி. முதல் நாள் பார்த்தபோது கோச் என்று நம்பமுடியவில்லை, கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்தேன்.

அவர் வந்த நேரம் எல்லாம் மாறியிருந்தது. அணியில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைகள். குரோம்பேட்டை, பல்லாவரம், குன்றத்தூர், கூடுவாஞ்சேரி என்று ஆளுக்கொரு திசை. ஆறு மணி ரயிலையோ பஸ்ஸையோ விட்டால் வீட்டில் தேடுவார்கள். மைதானத்தில் ஹாக்கிக்குப் பாதி நாள் போய்விட்டது. கால்பந்துக்குத் திங்கள், புதன், வெள்ளி மட்டும். அதிலும் நாலரைக்கு முன்னால் பிள்ளைகள் வரமுடியாது, ஐந்தே முக்காலுக்கு மேல் நிற்கமுடியாது. இரண்டு கோடையில் மழை ஏமாற்றியதில் கிணறும் வற்றி, மைதானம் சிமெண்டுத் தரையாகிவிட்டது. பூட்ஸ் பதினோரு ஜோடி, அதில் நாலு ஒரே அளவு. பெரிய காலுக்குச் சின்னதும் சின்னக் காலுக்குப் பெரியதும்தான் அமையும். பெரிய பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக்கொடுப்பது என் வேலை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் சென்டர் பார்வர்டு தங்கவேலு, குன்றத்தூர்ப் பையன், வேதியியல் மாணவன். புதன்கிழமை அவனுக்கு லேப். முடிந்து, குழாய்களையெல்லாம் கழுவி வைத்துவிட்டு வர ஐந்து மணியாகும். பேராசிரியரிடம் விடச்சொல்லிக் கேட்டால், "கழுவாமல் யாரும் போகக்கூடாது," என்றாராம். அடுத்த புதன்கிழமை எட்வின் சாரை மைதானத்தில் காணோம். தேடிப் போனால் லேபில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தங்கவேலுவின் பங்குக் குழாய்களைத் தானே கழுவிக்கொண்டிருக்கிறார்! அவன் பக்கத்தில் நின்று லேப் நோட்டில் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறான். நாலரைக்கெல்லாம் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். அந்த வருடம் முழுக்கப் புதன்கிழமை தோறும் இதுதான் நடந்தது. பேராசிரியர் பார்த்துவிட்டுச் சிரித்தாரே தவிரத் தடுக்கவில்லை. இதற்கு எந்த நட்சத்திரத்தைப் போடுவது?

அந்த வருடம் எங்கள் இரண்டு பேருக்குமே முக்கியமான வருடம். உடற்கல்வித் துறையில் முழுநேரப் பதவி ஒன்று வரப்போவதாகப் பேச்சு. எட்வின் சார் விண்ணப்பித்திருந்தார். கல்லூரி அணியை முழுநேரமும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசை. ஞானமுத்து சாருக்கும் அவரை எடுப்பதில் விருப்பம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கோ, பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிகமாகவே ஓட்டிக்கொண்டிருந்தவனை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போயிருந்தது. வீட்டில் அப்போதுதான் இரண்டாவது பெண் பிறந்திருந்தாள்.

இனி என் தப்பு.

ஜூன் மாதம் கல்லூரி திறக்கும் முன் கோல் கம்பங்களைப் பார்த்தேன். மரக்கம்பங்கள். மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதியைக் கரையான் மாவாக்கியிருந்தது. தச்சன் மகன் அல்லவா, புதிது கேட்டு எழுதிப்போட்டுக் காத்திருப்பானேன் என்று நானே நாலு கம்பத்தையும் பிடுங்கி, கெட்ட அடியை அறுத்துத் தள்ளி, தார் பூசி, திரும்ப நட்டேன். அறுத்ததில் தவறில்லை, மண்ணுக்குள் போக மிச்சம் வேண்டிய அளவு இருந்தது. நடும்போது உயரம் பார்க்க எங்களிடம் ஓர் எட்டடிக் கோல் உண்டு. தரையிலிருந்து குறுக்குக் கட்டையின் அடிவரை சரியாக எட்டடி இருக்கவேண்டும். கோலை நிறுத்தினால் கட்டையின் அடியில் தொட்டு நிற்கவேண்டும். காலகாலமாக அப்படித்தான். அளவு நாடா ஒன்று இருந்தது, அது ஞானமுத்து சாரின் பீரோவில் பூட்டிக் கிடக்கும். ஓட்டப்பந்தயத்துக்கு மட்டும்தான் வெளியே வரும்.

அந்தக் கோலை ஷெட்டின் மூலையில் மண்தரையில் செங்குத்தாகச் சாய்த்து வைப்பது வழக்கம். முந்தின மழைக்காலத்தில் அதன் அடியையும் கரையான் தின்றிருந்தது. பிசிராக இருக்கிறதே என்று நான்தான் ரம்பத்தால் அந்த முனையை நேராக அறுத்துவிட்டேன். நாலு அங்குலம் போயிற்று. புதுக் கோல் ஒன்று செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் அறுத்தேன். அன்று மத்தியானம் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது, ஓடினேன். அதோடு மறந்தேபோனது. கோல் பார்வைக்கு லட்சணமாக இருந்தது, அதுதான் என்னை ஏமாற்றியது. ஏழு மாதம் கழித்து அதே அளவுகோலை வைத்து இரண்டு பக்கத்து கோல் கம்பங்களையும் நட்டேன். இரண்டும் ஒன்றுபோல நாலு அங்குலம் குள்ளம்.

யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கம்பத்துக்குத் தெரிந்திருந்தது. ஜூலையில் தங்கவேலு அடிக்கும் பந்தெல்லாம் கட்டையில் பட்டுப் பட்டுத் திரும்பியது.

"இன்னா சார் இது, பார் கீழ எறங்கி வந்துகினு கீதா?" என்று கத்தினான்.

"பார் கீழ வரல தங்கவேலு. உன் கால்தான் மேல போகுது," என்றார் எட்வின் சார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கம்பத்துக்குக் கம்பம் முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு கட்டச் சொன்னார். அதற்குக் கீழேதான் பந்து போகவேண்டும். கயிற்றுக்கு மேலே போனால் மைதானத்தை ஒரு சுற்று ஓடவேண்டும். மூன்று மாதம் இதுதான் பயிற்சி. தரையோடு தரையாக, மூலைக்கு, வேகமாக. வெளி மைதானங்களில் எதிரணிக் கோல்கீப்பர்கள் குனிந்து எடுப்பதற்குள் பந்து வலையில் கிடந்தது. அந்த வருடம் எங்கள் பிள்ளைகள் வரிசையாக ஜெயித்தார்கள். என் தப்பைத் தன் பிள்ளைகளின் தப்பென்று நினைத்து, அதைத் திருத்தப்போய் ஓர் ஆட்டமுறையையே உண்டாக்கிவிட்டார் அவர்.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம் பொங்கலுக்குப் பிறகு எங்கள் மைதானத்திலேயே வந்தது. எதிரணி நகரத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி. அவர்களின் கோல்கீப்பர் நல்ல உயரம். ஆட்டம் தொடங்கும்போதே கட்டையை அண்ணாந்து பார்த்து ஏதோ முணுமுணுத்தான். நான் கவனித்தும் கவனிக்காமல் இருந்தேன். நடுவர் வந்து வலையை இழுத்துப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், கம்பத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார், சரி என்றார். எங்கள் கல்லூரி மைதானம் என்றால் அவ்வளவு நம்பிக்கை.

இடைவேளைக்குப் பிறகு தங்கவேலு தரையோடு ஒன்று போட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர்களின் இடதுபக்க ஆட்டக்காரன் ஓடிவந்து ஒரு அடி அடித்தான். எங்கள் கோல்கீப்பர் கை எட்டவில்லை. பந்து நேராகக் கட்டையில் மோதித் திரும்பி வெளியே போனது. கூட்டம் ஆர்ப்பரித்தது. விசில். பிள்ளைகள் எட்வின் சாரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கண்ணாடி கீழே விழுந்துவிட்டது, நான்தான் பொறுக்கினேன்.

அப்போது அவர்களின் கோச் மெதுவாக நடந்து கோலுக்குக் கீழே போனார். ஆறடி ஆள். குதிக்கவில்லை. நின்ற இடத்தில் கையைத் தூக்கினார். விரல் கட்டையைத் தொட்டது.

"இன்னாபா இது, கை எட்டுது!" என்று உரக்கச் சொன்னார். "டேப் எடுத்தாங்கப்பா."

ரம்பம், ஷெட்டு மூலை, மகளின் காய்ச்சல், எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்துவிட்டது. டேப் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும் எத்தனை அங்குலம் என்று.

ஞானமுத்து சாரின் பீரோவிலிருந்து டேப் வந்தது. போட்டிக் குழுவினர் இரண்டு பக்கமும் அளந்தார்கள். ஏழடி எட்டு அங்குலம். துறையின் அறையில் உட்கார்ந்து அப்போதே விசாரணை. குழுவினர் மூன்று பேர், ஞானமுத்து சார், எட்வின் சார், வாசலோரம் நான். வலது கையில் இன்னும் அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"கம்பத்தை அளந்தது யார்?" என்று குழுத்தலைவர் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சொல் வரவில்லை. அந்த இடைவெளியில் எட்வின் சார் எழுந்தார்.

"ஹோம் டீம் கோச் நான் சார். ஆறு மாசமா இந்த கோலுக்குக் கீழதான் நிக்கறேன். நான் செக் பண்ணியிருக்கணும். பண்ணல. வேற யாரையும் கேக்கவேண்டாம்."

குழுத்தலைவர் ஞானமுத்து சாரைப் பார்த்தார். ஞானமுத்து சார் என்னைப் பார்த்தார். கோடு வளைந்த இடத்தில் நிற்பாரே, அதே பார்வை. பிறகு, "மதார், நீ போய் வலையைக் கழட்டு," என்றார். நான் கண்ணாடியை எட்வின் சாரின் முன்னால் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஓடிவந்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

வெற்றி ரத்து. இரண்டு வாரம் கழித்து நகரத்தில் வேறொரு மைதானத்தில் மறு ஆட்டம். அந்தத் தேதியில் எங்கள் அணியில் நாலு பேருக்குச் செய்முறைத் தேர்வு. எட்வின் சார் தேதியை மாற்றக் கேட்டார், முடியாது என்றுவிட்டார்கள். தங்கவேலு தேர்வை விட்டுவிட்டு ஆட வருகிறேன் என்று நின்றான். "கப் அடுத்த வருஷம் வரும்டா. பிராக்டிகல் வராது. போய் எழுது," என்று அவனை விரட்டிவிட்டவர் எட்வின் சார்தான். மிச்சம் இருந்தவர்களை வைத்து ஆடி, மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். கோப்பை போயிற்று. ஆண்டறிக்கையில் அந்த வரி ஏறியது.

விசாரணைக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஞானமுத்து சார் வந்தார். நேராகக் கோலுக்குக் கீழே போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் மண்வெட்டியோடு ஓடினேன். டேப்பை அவரே நீட்டினார். நாலு கம்பத்தையும் தோண்டி, உயர்த்தி, கெட்டித்து முடிக்க மதியமாகிவிட்டது. அதுவரை மனிதர் வெயிலில் நகரவே இல்லை. முடிந்ததும் நோட்டை எடுத்தார். அன்று ஒன்றும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். மைதானத்தைச் சரிபார்க்கும் கடைசிப் பொறுப்பு அவருடையதும்தான். அது அவருக்கு உறுத்தியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அதையெல்லாம் யோசிக்கத் தெம்பில்லை.

மறு ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, எட்வின் சார் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துச் சேலையூரில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"சார், அந்த அளவுகோலை அறுத்தவன் நான். கம்பத்தை நட்டவன் நான். நாளைக்கே ஆபீஸ்ல போயி சொல்லிடறேன் சார். மனசு ஒரே பேஜாரா கீது."

அவர் சட்டைக் கைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "உங்க பர்மனென்ட் ஃபைல் எங்க இருக்கு?"

"ஆபீஸ்ல, பர்சர் மேசைல சார்."

"அது கையெழுத்தாகி உங்க கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

"உங்களுக்கு வர்ற போஸ்ட் பூடுமே சார்?"

"போகும்." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "எனக்கு ஸ்கூல் இருக்கு, மதார். இது எனக்கு ஆசை. உங்களுக்கு இது சோறு."

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "கோவம் இல்லன்னு நெனைச்சுக்காதீங்க," என்றார். "நேத்து வரைக்கும் உங்க மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல. அந்த பால் உள்ள போகவேண்டிய பால். நியாயமா அது கோல். ஆனா நான் ஒரே ஒரு தடவை கையைத் தூக்கிப் பார்த்திருந்தா போதும். அதை யோசிச்சாதான் உங்க மேல கோவம் கொறையுது."

அந்த வார்த்தைகளில் பொய் இல்லை, பெருந்தன்மை காட்டும் நடிப்பும் இல்லை. அதனால்தான் ஐம்பது வருடமாக மறக்கவில்லை.

ஏப்ரலில் நான் நிரந்தரமானேன். புதுப் பதவிக்கு வேறொருவர் வந்தார். எட்வின் சாரை மறு வருடம் கோச்சாகவும் கூப்பிடவில்லை. நான் வாங்கிய சம்பளம், என் இரண்டு பெண்களின் படிப்பு, கல்யாணம், இன்று வரும் பென்ஷன் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த ஒரு நிமிடம் அவர் எழுந்து நின்றது இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்றே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் பயம், பிறகு பழக்கம், கடைசியில் வெட்கம். அவர் காலமாகி நாலு வருடமாகிறது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். அங்கே நரைத்த தலையோடு தங்கவேலு நின்றிருந்தான். அவனிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது எல்லாருக்குமாகச் சொல்லிவிட்டேன்.

ஆகவே, பெனிட்டா மேடம், யார் முதல், யார் கடைசி என்று என்னைக் கேட்காதீர்கள். மேஜர் சாருக்கு ஆறு நாள் மைதானம் கிடைத்தது, எட்வின் சாருக்கு மூன்று நாள், அதுவும் ஒன்றேகால் மணி நேரம். ஒருவருக்கு மார்க்கர் உருப்படியாக வேலை செய்தான், இன்னொருவருக்குக் கெடுத்துவைத்தான். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? அந்தக் குறிப்பில் 'பயிற்சியாளரின்' என்று இருப்பதை அடித்துவிட்டு 'மார்க்கர் மதாரின்' என்று போட்டால் எனக்குப் போதும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை இவ்வளவு நாளும் எனக்கென்று வைத்திருந்தேன்.

அந்த வருடம் ஜூனில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிப்பம் சுண்ணாம்பும் கயிறும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சேலையூரில் எட்வின் சாரின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. அங்கே கோல் என்ற பெயரில் இரண்டு சவுக்குக் கழி நின்றுகொண்டிருந்தது. திறப்பு வேலையாக அங்கே வந்திருந்த எட்வின் சார் கேட்டைத் திறந்துவிட்டார், ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கழியைச் செதுக்கி, குறுக்குக் கட்டை ஏற்றி, நட்டு, கோடு போட்டேன். முடிந்ததும் அவர் உள்ளே போய் ஓர் இரும்பு டேப்பை எடுத்துவந்து, நான் நட்ட ஒவ்வொரு கம்பத்தையும் அளந்தார். நடுவிலும் அளந்தார். எனக்குச் சுருக்கென்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறு வருடமும் போனேன். மறுபடியும் அளந்தார். மூன்றாவது வருடம் பொறுக்கமுடியவில்லை.

"இன்னும் என் மேல நம்பிக்கை வரலியா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நம்பிக்கை இல்லாம இல்ல மதார். நான் அளந்துட்டேன்னா, அப்புறம் தப்பு வந்தா அது என்னுது. நீங்க வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கலாம்."

அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஜூனிலும் போனேன். டேப்பின் ஒரு முனையைத் தரையில் அழுத்திக்கொண்டு நான் குந்தியிருப்பேன். மறுமுனையை அவர் கட்டைவரை தூக்கிப் பிடித்து, எண்ணைக் கூர்ந்து பார்த்து, "எட்டடி, மதார்," என்பார். அதைக் கேட்ட பிறகுதான் நான் எழுந்திருப்பேன்.